கண்ணாடியில் ஏழு வரிசை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆர்விட் நியேமெலா மகளை அழைப்பார். அவர் இருக்கும் இஷ்பெமிங்கில் ஐந்து என்றால் மகள் இருக்கும் மேடிசனில் நான்கு. முப்பத்தெட்டு வருடம் இரும்புச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒரு நிமிடம் முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

ஜெனெல் ஐந்து நிமிடம் முன்னதாகவே உட்கார்ந்துவிடுவாள். முகத்துக்கு நேரே விளக்கு. முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திரையை இழுத்து மூடியிருப்பாள். வைஃபையை நம்புவதில்லை, சுவரிலிருந்து நேராகக் கேபிள். அதுதான் அவள் பிழைப்பு. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நானூறு பேருக்கு ஆன்லைன் கூட்டங்களில் எப்படி உட்காருவது, எப்படித் தெளிவாகத் தெரிவது என்று வகுப்பெடுத்தாள். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். வெளிச்சம் முன்னாலிருந்து வரட்டும். உங்கள் முகம் தெரியும் சின்னக் கட்டத்தை மறைத்துவிடுங்கள், உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அலுத்துப்போவீர்கள்.

கடைசி விதியை அவள் தானும் தவறாமல் கடைப்பிடித்தாள். பேசும்போது தன் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

போன கோடையில் அம்மாவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். அம்மா லொரெய்னுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. அங்கே இணையம் மோசம். ஜெனெல் அம்மாவை அழைத்துப் பேசிய இரண்டு தடவையும் முகம் சதுரம் சதுரமாக உடைந்தது, குரல் வாயைவிட்டுத் தனியே போனது. லொரெய்ன் பயந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டிலிருந்து மகளோடு பேசி, அதைப் பதிவு செய்து, பென் டிரைவில் கொண்டுபோய் இல்லத்து டிவியில் போட்டுக் காட்டுவது.

முதல் பதிவுகள் நன்றாக வரவில்லை.

"கஞ்சிக்குள்ள முங்கி எழுந்த மாதிரி இருக்கேம்மா" என்றார் அப்பா.

"செட்டிங்ஸுக்குப் போங்கப்பா."

"போயாச்சு."

"வீடியோன்னு இருக்கா?"

"இருக்கு."

"அதுல எச்.டி.ன்னு ஒரு கட்டம். டிக் போட்டிருக்கா பாருங்க."

"இல்ல."

"போடுங்க."

"போட்டா பில்லு ஏறுமா?"

"ஏறாதுப்பா."

"அப்ப இந்தப் பசங்க முதல்லயே போட்டு அனுப்புறதுக்கு என்ன கேடு?"

அவளுக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அவர் பென்சிலால் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார். செட்டிங்ஸ், வீடியோ, எச்.டி., டிக். அட்டையைக் கணினியின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டினார். அது நவம்பர்.

டிசம்பரில் அவர் மறுபடி கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் தெளிவா வருமாம்மா? உங்கம்மாவுக்குப் பார்க்கக் கஷ்டமா இருக்கு."

ஜெனெல் திரைக்கு அருகே சாய்ந்தாள். அம்மா தன் முகத்தைப் பார்க்கக் கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள். மறுநாளே புதிய கேமரா வாங்கினாள், அலுவலகத்தில் இருப்பதைவிட நல்லது. பதிவையும் தன் பக்கமே செய்யத் தொடங்கினாள். இங்கேயே பதிவானால் வழியில் எதுவும் கெடாது. அப்பாவைத்தான் அம்மா தினமும் பார்க்கிறாளே என்று, படத்தில் தன் முகம் மட்டும் முழுத்திரைக்கு வரும்படி வைத்தாள். அப்பாவுக்குக் குரல் போதும். பேசி முடித்ததும் கோப்பை அவருக்கு அனுப்பிவிடுவாள். ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"அசத்திட்டே. ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது."

அந்த வாரம் வகுப்பில் இதைச் சொன்னாள். அம்மாவின் நோய், அப்பாவின் அட்டை, புதிய கேமரா. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்ல படம் என்பது ஒரு மரியாதை என்று முடித்தாள்.

சீட்டு எப்போது தொடங்கியது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கெட்ட எண்ணம் இல்லை. அப்பாவின் பேச்சு அப்படி. கூரையில் எத்தனை அங்குலம் பனி, எந்த வீட்டுக் குழாய் உறைந்து வெடித்தது, யார் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வாரமும் அதே கூரை, அதே பனி. கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் கணினியில் சாலிட்டேர் என்ற தனியாள் சீட்டாட்டத்தைத் திறந்தாள். ஏழு வரிசை சீட்டு, பச்சைப் பின்னணி. அதைத் திரை முழுக்க விரித்து, அப்பாவின் படத்தைச் சிறியதாக்கிக் கேமராவுக்கு அடியில் ஒட்டினாற்போல் வைத்தாள். எங்கே பார்த்தால் எதிராளிக்குத் தன்னைப் பார்ப்பதுபோல் இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆட்டத்துக்கு நடுவே அங்கே ஒரு பார்வை போய்விட்டு வரும். கிளிக் சத்தம் வராத மவுஸ் ஒன்றும் வாங்கினாள்.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டினாள். அப்பா கதவைத் திறந்து, கைப்பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். இடது காலை இழுத்து இழுத்து வைத்தார்.

"கால்ல என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. சரியாயிட்டு வருது."

"எப்ப ஆச்சு?"

"போன மாசம்."

"போன மாசமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அப்பா அவள் கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினார். அது நழுவியது. மறுபடி மாட்டினார்.

"வாராவாரம் பேசுறோம். கூரைப் பனியைப் பத்திச் சொல்றீங்க, பக்கத்து வீட்டு நாயைப் பத்திச் சொல்றீங்க. இதைச் சொல்ல வாய் வரலையா? நான் யாரு உங்களுக்கு, மூணாம் மனுஷியா?"

"பாஸ்டி சூடா இருக்கு" என்றார் அப்பா. "உக்காந்து சாப்பிடு."

"பேச்சை மாத்தாதீங்க."

"ஆறிட்டா மாவு கல்லாயிரும்மா."

கெட்சப் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினார். அவள் கோபம் அடங்காமலே சாப்பிட்டாள். உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் நாக்கைச் சுட்டன. அப்பா எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தார். சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பி வந்திருப்பேன் என்று இன்னொரு தடவை சொன்னாள். "தெரியும்மா" என்றார்.

இல்லத்துக்குப் போகும்போது மூன்று மணி. பொதுக்கூடத்தில் ஐந்தாறு பேர் சாய்வு நாற்காலிகளில் இருந்தார்கள். அம்மா டிவிக்கு மிக அருகில், மடியில் கம்பளியோடு. ஜெனெல் குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா, ஜெனெல் வந்திருக்கேன்."

லொரெய்ன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். தேவாலய வாசலில் புதியவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"வெளியில குளிரா?" என்றாள்.

"ஆமாம்மா."

"தொப்பி போட்டுக்கணும்."

பணிப்பெண் ஒருத்தி தட்டில் மசித்த உணவோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். மிஸ்ஸி என்று மார்பில் பட்டை. ஜெனெலைக் கண்டதும் நின்றாள்.

"அட! நீங்கதானே சீட்டு அக்கா?"

"என்ன சீட்டு?"

மிஸ்ஸி ஆர்விட்டைப் பார்த்தாள். அவர் டிவிக்குப் பின்னால் குனிந்து பென் டிரைவைச் செருக இடம் தேடிக்கொண்டிருந்தார். தேட வேண்டிய இடமில்லை; தினமும் செருகுகிற இடம்தான்.

"இன்னிக்கு வேணாம்னு நினைக்கிறேன், மிஸ்ஸி" என்றார். "மகளே நேர்ல வந்திருக்கா."

"நல்லாச் சொன்னீங்க போங்க. அது ஓடலைன்னா அம்மா வாயைத் திறக்குமா? காலையிலேர்ந்து ஒரு வாய் இறங்கல." ஜெனெல் பக்கம் திரும்பினாள். "பிப்ரவரி ரெண்டாவது ஞாயிறு, அக்கா. அதுதான் எங்க ஹிட்டு. அதுல நீங்க ஜெயிக்கிறீங்க. தினம் அதைத்தான் கேக்குது."

ரிமோட்டை எடுத்து அவளே அழுத்தினாள்.

டிவியில் ஜெனெலின் முகம் வந்தது. சுவரில் பாதி அகலத்துக்கு. முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முடி இழை இழையாகத் தெரிந்தது. மேலுதட்டு மச்சம் தெரிந்தது. வெளிச்சம் அளவாக விழுந்திருந்தது. கண்கள் கேமராவுக்கு வெகு அருகில். வகுப்பில் காட்டலாம்போல இருந்தது.

அப்புறம் அந்த முகத்திலிருந்த மூக்குக்கண்ணாடியைப் பார்த்தாள்.

இரண்டு வில்லையிலும் பச்சை. பச்சையில் ஏழு வரிசை. இடம் வலம் மாறியிருந்தது. மற்றபடி ஒவ்வொரு சீட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. எது சிவப்பு, எது கறுப்பு, எது படச்சீட்டு, எல்லாம்.

லொரெய்ன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கம்பளி கீழே விழுந்தது. விரல் திரையை நோக்கி நீண்டது.

"கறுப்பு ஏழு. அந்தச் சிவப்பு எட்டு மேல வை."

திரையில் ஏழு நகர்ந்து எட்டின் மேல் உட்கார்ந்தது.

"அப்படிப் போடு" என்றாள் லொரெய்ன். மிஸ்ஸி அந்தச் சமயம் பார்த்து ஒரு கரண்டி ஊட்டினாள். லொரெய்ன் விழுங்கினாள்.

"முப்பது வருஷம் வியாழக்கிழமை சீட்டுக் கூட்டம் நடத்தினவங்களாமே" என்றாள் மிஸ்ஸி. "சும்மாவா? போன தடவை நீங்க கிங்கை எடுக்காம விட்டீங்க பாருங்க, இது திட்டின திட்டுல பக்கத்து நாற்காலிப் பாட்டன் எழுந்து போயிட்டாரு."

பின்னாலிருந்து ஒரு கிழவர், "ஜாக்கு வருது பாரு, ஜாக்கு" என்றார். அவருக்கும் மனப்பாடம்.

ஜெனெல் சிரிக்கப் பார்த்தாள். உதடு காய்ந்து பல்லில் ஒட்டிக்கொண்டது. அப்பா டிவிக்குப் பக்கத்திலேயே நின்றார். சுவரில் தீ விபத்து நேர்ந்தால் எந்த வழியே வெளியேறுவது என்று ஒரு வரைபடம் மாட்டியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

டிவியில் அவர் குரல் கேட்டது. கூரை, பனி, கார் பாட்டரி. திரையில் ஜெனெல் தலையாட்டினாள். சரியான இடங்களில் புருவத்தை உயர்த்தினாள்.

மிஸ்ஸி கரண்டியைத் தட்டில் வைத்தாள். "டவல் எடுத்துட்டு வரேன்" என்று எழுந்து போனாள். டவல் அவள் தோளிலேயே கிடந்தது.

டிவியில் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்:

"செவ்வாக்கிழமை பின்வாசல் படியில வழுக்கி விழுந்துட்டேன்மா. ஐஸ். எழுந்திருக்க முடியல. நாப்பது நிமிஷம் அங்கேயே கெடந்தேன். தபால்காரன் வந்துதான் தூக்கினான். கை விரல் மரத்துப்போச்சு. இனிமே உங்கம்மாவைப் பார்க்க யாருன்னு அப்போ ஒரு நினைப்பு வந்துச்சு."

திரையில் ஜெனெலின் முகம் கனிவாக இருந்தது. கண்ணாடியில் சிவப்பு ராணி கிளம்பி, பச்சையைக் கடந்து, கறுப்பு ராஜாவின் மேல் போய் உட்கார்ந்தது.

"நல்லதுப்பா" என்றாள் திரையில் இருந்தவள்.

பதிவில் அப்பாவின் வீட்டுச் சமையலறைக் கடிகாரம் ஓடுவது கேட்டது. அவ்வளவு துல்லியமான பதிவு.

"ஆமாம்மா" என்றார் அப்பா, டிவியில். "அப்புறம், இங்க பனி இன்னும் விட்டபாடில்ல."

"ராணி போயிருச்சு!" என்று லொரெய்ன் கை தட்டினாள். "இனி ஜெயிச்சிருவா. இவ ஜெயிச்சிருவா பாரு."

கிழவரும் தட்டினார். பிப்ரவரியிலிருந்து தினமும். எத்தனை நாள் என்று ஜெனெல் கணக்குப் போட ஆரம்பித்தாள், பாதியில் விட்டுவிட்டாள். சமையல்காரர்கள் கேட்டிருப்பார்கள். நர்ஸ்கள் கேட்டிருப்பார்கள். பார்க்க வந்த மற்றவர்களின் மகன்கள், மகள்கள். அப்பா இதே இடத்தில் நின்று, இதே வரைபடத்தைப் படித்துக்கொண்டு கேட்டிருப்பார்.

மத்தியானம் சமையலறையில் அவரிடம் தான் கேட்டது நினைவு வந்தது. வாய் வரலையா.

முகம் எரிந்தது. காது எரிந்தது. கண்ணாடியைக் கழற்றினாள். டிவி மங்கிப் பச்சைப் புள்ளிகளாயிற்று. அம்மாவின் பக்கத்தில் மண்டியிட்டு, கீழே கிடந்த கம்பளியை எடுத்து மடியில் போட்டாள். போட்டதும் போகாமல் அங்கேயே, கம்பளியின் ஓரத்தைப் பிடித்தபடி இருந்தாள். லொரெய்ன் அவளை மெல்ல ஒதுக்கினாள்.

"மறைக்காதம்மா" என்றாள். "ஆட்டம் முடியப் போகுது."

வெளியே காரில் ஏறியதும் அப்பா எஞ்சினைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். காரின் முன்கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது.

"கொஞ்சம் சூடாகட்டும்" என்றார்.

"எப்பலேர்ந்து தெரியும்ப்பா?"

"எது?"

"அப்பா."

அவர் கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"நவம்பர்ல. நீ அந்த டிக்கைப் போடச் சொன்னியே, அதுக்கப்புறம். பச்சையா ஏதோ தெரிஞ்சுது. நான் ஏதோ லைட்டுன்னு நினைச்சேன். உங்கம்மாதான் சொன்னா, சீட்டுன்னு. அதுவரைக்கும் நாலு மாசமா அவ ஒழுங்கா ஒரு வார்த்தை பேசல. டிவிக்கிட்ட போய், விரலை வெச்சுக் காட்டி, சீட்டுன்னா."

"டிசம்பர்ல தெளிவா வேணும்னு கேட்டீங்களே."

"இஸ்பேடா கிளாவரான்னு அவளால பிரிக்க முடியல. கத்துனா. தட்டைத் தள்ளிவிட்டா."

ஜெனெல் முன்கண்ணாடியைப் பார்த்தாள். பனி ஒரு மூலையில் உருகத் தொடங்கியிருந்தது. நல்ல படம் என்பது ஒரு மரியாதை. அதைச் சொன்னபோது தன் குரல் எப்படி இறங்கியது என்பதுகூட ஞாபகம் இருந்தது.

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது?"

"விளையாடாதேன்னு சொல்லியிருக்கலாம். பேசுறதைக் கேளுன்னு சொல்லியிருக்கலாம். விழுந்தேன்னு இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்."

"ஒரு தடவை சொன்னதே எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சும்மா" என்றார். "படியில விழுந்து கெடந்தேன்னு சொல்றது என்ன பெருமையா?"

அவள் அழுதாள். அவர் காரின் முன்பக்கச் சின்னப் பெட்டியைத் திறந்து, ஹாம்பர்கர் கடையின் பேப்பர் நாப்கின் ஒன்றைத் தேடியெடுத்துக் கொடுத்தார்.

"இனிமே ஆட மாட்டேன்ப்பா. சத்தியமா. நீங்க பேசுறப்ப இன்னொண்ணைத் தொடவே மாட்டேன்."

வைப்பரைப் போட்டார். அது இரண்டு தடவை கீறிவிட்டு நின்றது.

அடுத்த ஞாயிறு நான்கு மணிக்கு அவள் மேடிசனில் உட்கார்ந்திருந்தாள். விளக்கு, திரை, கேபிள், எல்லாம் அதனதன் இடத்தில். சாலிட்டேரைக் கணினியிலிருந்தே எடுத்துவிட்டாள். மவுஸை மேஜை இழுப்பறையில் போட்டாள். அப்பாவின் படத்தைத் திரை முழுக்க விரித்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பதிவை ஓடவிட்டாள்.

அப்பா வந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருந்தார்.

"கால் எப்படிப்பா இருக்கு?"

"பரவாயில்ல. வெந்நீர் ஒத்தடம் போடுறேன். படியில உப்பு போட்டிருக்கேன்."

"படிக்குக் கைப்பிடி வைக்கச் சொன்னேனே?"

"நாளைக்கு ஆள் வரான்."

அவர் கூரையைப் பற்றிச் சொன்னார். பனி இறங்கத் தொடங்கிவிட்டது. வடக்குப் பக்கம் இன்னும் எட்டு அங்குலம். அவள் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். அவர் தாடையில் ஷேவ் செய்யாமல் விட்ட ஒரு திட்டு இருந்தது. பேசும்போது இடது கண் கொஞ்சம் சுருங்கியது. அது எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை.

பேச்சு நடுவில் நின்றது. அப்பா முன்னால் சாய்ந்தார். மூக்கு திரையில் முட்டும்போல வந்தது. அவள் கண்ணைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தார். ஒரு வில்லை, பிறகு இன்னொன்று.

"பச்சையைக் காணோமே" என்றார்.

"எடுத்துட்டேன்ப்பா. இப்ப நீங்க மட்டும்தான் தெரியிறீங்க."

அவர் மெல்ல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கணினி ஓரத்தில் ஒட்டியிருந்த அட்டையின் நுனியை விரலால் நீவிவிட்டார். பழைய பதிவு ஒவ்வொன்றும் லொரெய்னுக்கு மனப்பாடம், வியாழக்கிழமையிலிருந்து அவை ஓடினாலும் சாப்பிட வாயைத் திறப்பதில்லை என்றார். பிறகு கேட்டார்:

"நாளைக்கு உங்கம்மாவுக்கு நான் எதைம்மா போட்டுக் காட்டுறது?"